குளிர் போகட்டும் என்றோம்

அன்புள்ள ரகுவுக்கு,

இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியே பழகிய கை இது. இப்போது எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். சௌக்கியம் என்று பொய் எழுதவும் மனம் வரவில்லை. அதனால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன், பார். இந்தக் கல்கத்தா லேக் கார்டன்ஸ் பையன்களோடு பெங்காலியில் சண்டை போட்டு வளர்ந்தவன் நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். வழக்கம்போல விஜியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு நீ ஷேவ் செய்துகொண்டே கேட்காதே. ஒரு நாள் ஆனாலும் சரி, இரண்டு நாள் ஆனாலும் சரி, நீயே உட்கார்ந்து படி. படித்த பிறகு அவளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. உன் கடிதங்கள் எல்லாமே தந்திக்கு அண்ணன்தான். நாக்பூரில் வெயில் குறைந்துவிட்டது, ஆபீசில் வேலை அதிகம், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. கடைசியில், போனால் போகிறதென்று ஒரு வரி. குழந்தை எடை போதவில்லையாம், முதல் ஊசியை ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்கு இரண்டு நாள் கழித்து விஜியிடமிருந்து ஓர் இன்லேண்டு கவர் வந்தது. நீ எழுதாமல் விட்டதை எல்லாம் அவள் எழுதியிருந்தாள். குழந்தை வந்த நாளிலிருந்து நீ ஹாலில் படுக்கிறாயாம். உனக்கு ஒரு தும்மல் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருகிறாயாம். அவள் குழந்தையை உன் கையில் கொடுத்தால், ஏதோ சூடான பாத்திரத்தைக் கொடுத்த மாதிரி உடனே தொட்டிலில் வைத்துவிடுகிறாயாம். "பெண் பிறந்ததில் அவருக்கு வருத்தமா அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். உனக்குப் பெண் பிறந்ததில் வருத்தமில்லை என்று எனக்குத் தெரியும். உன் பயம் என்ன என்பதும் தெரியும். அந்தப் பயத்தை உனக்குள் போட்டவள் நான்தான், அதனால் அதைப் பற்றி எழுத வேண்டியவளும் நான்தான்.

உனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் பெயர் சுபா. மாடியில் குடியிருந்த பெங்காலி அம்மாள், நம் மாஷிமா, அவளைக் குக்கு என்று கூப்பிட்டாள், பெங்காலிகள் எல்லாப் பெண் குழந்தைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். அவள் போன பிறகு சுபா என்றோ குக்கு என்றோ நம் வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. உனக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. உனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று உன் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஆவணியில் பிறந்தாள், எட்டாம் மாதத்திலேயே. கையில் எடுத்தால் எடையே தெரியாது. அந்தக் காலத்தில் நமக்கு டாக்டர் என்றால் டாக்டர் மாமாதான். உறவு ஒன்றும் கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், டாலிகஞ்சில் வீடு, கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் அவரிடம்தான் போகும். ஏன் என்று கேள். குழந்தைக்கு மாந்தம் என்றால் அவருக்குப் புரியும். பொருமல் என்றால் புரியும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வயிற்றுக்கு ஒரே ஒரு வலிதான் உண்டு, பெங்காலியில் அதுவும் கிடையாது. மொழி தெரியாத ஊரில், உடம்புக்கு என்ன என்று சொந்த வார்த்தையில் சொல்ல முடிவதே பாதி வைத்தியம் என்று நினைத்திருந்தோம். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராமைப் பிடித்து நம் வீட்டுக்கு வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் கையால் டிகாக்ஷன் காபி குடித்துவிட்டு, பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பார். டாக்டர் என்று கூப்பிட்டிருந்தால் கேள்வி கேட்டிருப்போமோ என்னவோ. மாமா என்று கூப்பிட்டோம்.

சுபாவுக்கு மூன்று மாதம் ஆனபோது முத்தடுப்பு ஊசியைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். கக்குவான், தொண்டை அடைப்பான், இன்னொன்று, மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது. மாமா அவளைத் தூக்கிப் பார்த்தார். "இப்போ என்னடி அவசரம்? கோழிக்குஞ்சாட்டம் இருக்கா. ஊசியைத் தாங்குவாளா? குளிர் போகட்டும், பங்குனியிலே ஆரம்பிச்சுடலாம்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உனக்கு முதல் ஊசி போட்டபோது தொடை வீங்கி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாய். நான் அழுத அழுகையில் மாமா, "சரி, மத்தது அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. உனக்கு மூன்று தவணையில் ஒன்றோடு நின்றுபோனதற்கும் காரணம் நான்தான் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கார்த்திகையில் மாமா ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் போயிருந்தார். அந்த வாரம் பார்த்துச் சுபாவுக்குக் கண் ஒட்டிக்கொண்டு சீழ் வந்தது. மாஷிமா எங்களை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெங்காலி டாக்டர், உன் இப்போதைய வயதுதான் இருக்கும், கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. கண்ணுக்கு மருந்து எழுதினார். ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை, எடை குறைவு, பங்குனியில் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பா இங்கிலீஷில் சொன்னார். பெரிய குழந்தை உண்டா, பள்ளிக்கூடம் போகிறதா என்று அடுத்த கேள்வி. போகிறான் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் குளிருக்கு இந்தத் தெருக்களில் கக்குவான் இருக்கிறது, சின்னக் குழந்தை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், சின்னக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம், வியாழக்கிழமை கொண்டு வாருங்கள், நானே போடுகிறேன் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, உங்கள் டாக்டர் தள்ளிப்போடச் சொன்னபோது ஏன் என்று கேட்டீர்களா என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

அந்தப் பையனை நான் சும்மா விட்டேனா? அப்பாவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேள்வியாகக் கேட்டேன். இந்த எடைக் குழந்தைக்கு இதற்கு முன் போட்டிருக்கிறீர்களா, காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு, பால் குடிக்காமல் போனால் என்ன செய்வது, உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா. எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்பதையும் சேர்த்துத்தான். வெளியே வந்ததும் நான், "மீசையே இன்னும் சரியா மொளைக்கலை, முப்பது வருஷ அனுபவஸ்தருக்குப் பாடம் சொல்ல வந்துட்டான்" என்றேன். இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது ரகு. எங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாமல் இல்லை. சரியாகச் சொன்னவரிடம் அத்தனை கேள்வியும் கேட்டோம். வியாழக்கிழமை போகவில்லை.

உன் அப்பா உனக்குத் தெரியும், ஆபீஸ் காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவருக்கு அந்த டாக்டர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. மாமா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்தார். கல்யாணக் கதையெல்லாம் பேசி முடித்தபிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். இங்கே ரயில்வே கேட்டண்டை ஒரு டாக்டர்…"

"அவர் கெடக்கார் மாமா, காபி ஆறிப்போறது பாருங்கோ" என்று நான் குறுக்கே விழுந்தேன். "கல்யாணத்திலே பொண்ணாத்துக்காரா எப்படி? அதைச் சொல்லவே இல்லையே."

மாமா டம்ளரோடு அப்பாவைப் பார்த்தார். "என்னமோ கேக்க வந்தியே?"

"ஒண்ணுமில்லே மாமா, மெதுவா கேட்டுக்கலாம்" என்றார் அப்பா.

மாமா போன பிறகு அப்பாவை நான் ஒரு பிடி பிடித்தேன். "அவர் ஊரிலே இல்லாத சமயம் பாத்து வேற டாக்டர்கிட்டே போயிட்டு வந்தோம்னு சொன்னா அவர் மனசு என்ன பாடுபடும்? இந்த ஊரிலே நமக்குன்னு இருக்கற ஒரே மனுஷர்." அப்பா, "குழந்தை விஷயம்ங்கறதாலே கேட்டேன்" என்றார். "உங்களுக்கு எல்லாத்திலேயும் சந்தேகம்" என்றேன். அன்று அவரைப் பேச விட்டிருந்தால் என்று நான் எத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன் என்பது எனக்கும் சுவருக்கும்தான் தெரியும். மாமாவுக்குக் கோபம் வந்திருக்கும், இரண்டு வாரம் வராமல் இருந்திருப்பார், அவ்வளவுதானே?

மார்கழியில் நீ இரும ஆரம்பித்தாய். உன் வகுப்பில் பாதிப் பையன்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலமானால் தெருவெல்லாம் கரி அடுப்புப் புகை, அதனால் இருமல் என்று நினைத்துக் குரங்குக் குல்லாவை இழுத்து விட்டேன், கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத்தான் நீ விடாமல் இருமி, கடைசியில் மூச்சை இழுக்கும்போது கக்குவானுக்கே உரிய அந்தக் கூவல் சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. அதற்குள் சுபாவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது. நமக்கு இருந்தது ஒரே அறை, நால்வரும் அதில்தான். அவள் உன்னைப் போல் சத்தம் போட்டு இருமவில்லை. இரும அவளுக்குத் தெம்பில்லை. சும்மா மூச்சை நிறுத்திவிடுவாள், உதடு நீலமாகிவிடும், முதுகில் தட்டினால் திரும்ப வரும். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தோம். மாமா தினமும் வந்தார். அந்த ரயில்வே கேட் டாக்டரும் ஒரு தடவை வந்தார், மாஷிமா சொல்லியிருக்க வேண்டும், வாசலில் நின்று அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. தை மாதத்தில் ஒரு காலை, நான் பால் புகட்டும் பாலாடையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

இதுவரை எழுதியது உனக்குத் தெரியாதது. இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்தது. ஆனால் அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். உன்னை மாடியில் மாஷிமா வைத்திருந்தாள், எப்படியோ தப்பித்துக் கீழே வந்து கதவருகில் நின்றாய். உனக்கு இன்னும் இருமல் விடவில்லை. குக்கு எங்கே என்று கேட்டுவிட்டு இரும ஆரம்பித்தாய். நான் உன்னைப் பார்த்து, "நீதான்டா ஸ்கூல்லேர்ந்து வாங்கிண்டு வந்து அவளுக்குக் கொடுத்தே" என்றேன். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாய். இருமல் உள்ளே குலுங்கியது, கண் பிதுங்கித் தண்ணீர் வந்தது, கையை மட்டும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ என் முன்னால் இருமியதே இல்லை. இருமல் வந்தால் பின்பக்கத்து மாடிப்படிக்கு ஓடுவாய். நன்றாகப் படித்தாய், நல்ல பெயர் எடுத்தாய், ஜாதவ்பூர் யூனிவர்சிட்டியில் சேர்ந்தாய். அங்கே ஒரு தடவை உனக்குக் காய்ச்சல் வந்தபோது, அரை மணி நேரத் தொலைவில் வீடு இருக்க, குணமாகும்வரை சிநேகிதன் அறையிலேயே கிடந்தாய். பரீட்சை நேரம் என்று அப்பாவிடம் காரணம் சொன்னாய். அவர் நம்பினார். நான் ரசம் வைத்துப் பாத்திரத்தில் ஊற்றி அவரிடம் கொடுத்தனுப்பினேன். நானே வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்து, போதும்டா, அது உன்னால் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் கிடைக்காமலா நான் வரவில்லை?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னால் இல்லை என்று சொன்னால் யாரால் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்தேன். வாயில் வந்த ஒரு வாக்கியத்தை ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் போட்டுவிட்டு, அது அங்கேயே கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இதைவிட நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்பா போன வருஷம் படுக்கையில் விழுந்தபோது, "ரகு கிட்டே சொல்லிடு" என்றார். எதை என்று நானும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் காரியங்கள் முடியட்டும் என்றேன், உன் பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆகட்டும் என்றேன். தள்ளிப்போடுவதில் எனக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கும் இருக்காது.

மாமாவைப் பற்றி இன்னும் ஒன்று. அவரை நீ கெட்டவராக நினைத்துவிடக் கூடாது. சுபா போன பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். ஏழெட்டு வருஷம் கழித்து, பிராக்டிஸை எல்லாம் விட்டுவிட்டு மகளோடு பெங்களூருக்குப் போகும் முன், ஒரு சாயங்காலம் வந்தார். நீ அப்போது விளையாடப் போயிருந்தாய். கொடுத்த காபியைத் தொடவில்லை. அப்பாவைப் பார்த்து, "அன்னிக்கு என்னமோ கேக்க வந்தியே, இதைத்தானே?" என்றார். அப்பா ஆமாம் என்றார். "எனக்கே அந்த வாரம் மனசு ரெண்டுங்கெட்டானா இருந்தது. ஊர் பூரா இருமல் கேஸா வந்துண்டிருந்தது. யாராவது ஒருத்தர் ஏன்னு கேட்டிருந்தா உக்காந்து யோசிச்சிருப்பேன். யாருமே கேக்கலை. எல்லாரும் மாமா சொன்னா சரின்னுட்டேள்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை டிராம் ஸ்டாப் வரை கொண்டுவிட அப்பா போனார். இப்போது டாலிகஞ்சுக்குப் பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது. நான் இன்னும் ஏறவில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் டாக்டர் சொல்வது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நான் என்ன படித்தேன்? உன் குழந்தைக்கு நிஜமாகவே காத்திருக்க வேண்டிய காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணம் என்ன என்று உனக்குத் தெரியவில்லை, உன் கடிதத்திலேயே தெரிகிறது. எடை போதவில்லையாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'யாம்' எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கே போ. விஜியையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கு வாய் உண்டு, நான் அடக்கிய மாதிரி நீ அவளை அடக்காதே. எடை குறைவு என்றால் ஊசி ஏன் கூடாது, ஆறு மாதம் வரை அவளுக்கு இருமல் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேள். பதில் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தெரிந்தவர், நம்மவர், ஆபீஸ் மேலதிகாரியின் மச்சான் என்று எந்தக் கூச்சமும் வேண்டாம். பிறகு இன்னொரு டாக்டரிடமும் அதே கேள்வியைக் கேள். இருவரும் ஒன்றே சொன்னால் நிம்மதியாக இரு. வேறு வேறாகச் சொன்னால், உனக்குப் பிடித்தவர் யார் என்று பார்க்காதே, யார் காரணம் சொன்னார் என்று பார். எனக்குப் பதில் எழுத வேண்டுமே என்று காத்திருக்காதே. முதலில் போ.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சுபா போன அன்று உன்னிடம் சொன்ன அந்த வாக்கியம்தான் நான் செய்த பெரிய தப்பு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விஜியின் கடிதத்தைப் படித்த பிறகுதான் வேறொன்று தெரிந்தது. அன்றைக்குப் பிறகு நான் உன்னைத் தூக்கவில்லை. ஒரு தடவைகூட. உனக்குச் சோறு போட்டேன், தலை வாரினேன், சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். அந்த வயதில் நீ ஒன்றும் கனம் இல்லை. முதல் ஒரு மாதம் வந்து வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். நான் ஏதோ வேலை இருக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அப்புறம் நீ வருவதை நிறுத்திவிட்டாய்.

அவளை உன்னால் நான் இழக்கவில்லை ரகு. உன்னை இழந்தது என்னால். இப்போது உன்னைத் தூக்க எனக்குக் கையில் பலமில்லை, உனக்கும் அது வேண்டியிருக்காது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய் உன் பெண்ணைத் தூக்கிக்கொள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாலும் தூக்கு. அழுவாள், பரவாயில்லை.

இதைச் சொல்ல இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட
உன் அம்மா